சர்க்கரை சரி, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறேன்.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். "உங்களுக்கு நடந்ததையே பேசுங்க சார், அது போதும்" என்று செயலாளர் சொன்ன தைரியத்தில்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

எனக்கு 52 வயதில் சர்க்கரை வந்தது. இப்போது 67. வேலையில் இருந்தவரை அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கையில் நேரம் இருந்தது. சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று பழகியவன் நான். அந்தப் பழக்கத்தைச் சர்க்கரையிடம் காட்டினேன். நீளமான நோட்டு ஒன்று வாங்கி, வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டு எழுதினேன். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 7.4-லிருந்து 6.8, பிறகு 6.4, கடைசியில் 6.1 என்று இறங்கியது. அந்த 6.1-ஐ இந்தக் குடியிருப்பில் பலரிடம் காட்டியிருக்கிறேன். இங்கே சிலர் சிரிப்பது தெரிகிறது.

இறங்கியது எப்படி என்று கேட்டால், சாப்பாட்டைக் குறைத்தேன். ராத்திரிக்கு ஒரு தோசை. மதியம் ஒரு கரண்டி சோறு. 68 கிலோ இருந்தவன் 59 ஆனேன். "என்ன சார், இளைச்சுட்டீங்க" என்று லிஃப்டில் யாராவது கேட்டால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். வீட்டில் மட்டும், "ஏனுங்க, பேன்ட்டு ஒண்ணும் இடுப்புல நிக்க மாட்டேங்குது, இது நல்லதுக்குத்தானா?" என்று கேட்டார்கள். அதற்கும் நான் நோட்டைத்தான் காட்டினேன்.

போன வருடம் ஒரு புதன்கிழமை. காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டேன். கீரை தீர்வதற்குள் போய்விடலாம் என்று டிபன் சாப்பிடாமலே சூரமங்கலம் உழவர் சந்தைக்கு நடந்தேன். திரும்பும்போது இரண்டு கையிலும் பை. நம் கேட்டுக்கு ஐம்பது அடி இருக்கும்போது உடம்பெல்லாம் வேர்த்தது, கை நடுங்கியது, கண் முன்னால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்தேன், பக்கவாட்டில் சாய்ந்தேன். நம் வாட்ச்மேன் தம்பி ஓடி வந்து, தனக்கு வாங்கி வைத்திருந்த டீயில் இன்னும் சர்க்கரையைக் கொட்டி எனக்குப் புகட்டினார். அதற்குப் பிறகு வீட்டில் குத்திப் பார்த்தபோதே 54. டீக்கு முன்னால் எவ்வளவு இருந்ததோ! இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

டாக்டரிடம் போனபோது வழக்கம்போல் நோட்டை நீட்டினேன். நான்கு பக்கம் புரட்டினார், மூடி வைத்தார். "கையை ஊன்றாம இந்த நாற்காலியிலிருந்து அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருங்க, பாக்கலாம்" என்றார். இதென்ன பெரிய விஷயம் என்று ஆரம்பித்தேன். இரண்டு தடவை எழுந்தேன். மூன்றாவது தடவை பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். "நோட்டு நல்லா இருக்குது சார். தொடையில ஒண்ணுமே இல்லையே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்று நான் இங்கே நிற்பதற்குக் காரணம்.

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்த பிறகு, அதில் பெரும்பங்கை இழுத்து வைத்துக்கொள்வது நம் தசைகள்தான். அதிலும் தொடையும் பிட்டமும் பெரிய தசைகள். வங்கிப் பாஷையில் சொன்னால் அதுதான் நம் பெரிய லாக்கர். வயதாக ஆக அந்த லாக்கர் தானாகவே சிறிதாகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கிறது. அமெரிக்காவில் எழுபது வயதை ஒட்டியவர்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்ததில், சர்க்கரை இல்லாதவர்களைவிட இருப்பவர்களுக்குக் கால் பலம் வேகமாகக் குறைந்தது தெரிந்தது. தசை குறைந்தால் சர்க்கரை போய்ச் சேர இடமில்லாமல் ரத்தத்திலேயே நிற்கிறது. நின்றால் நரம்பைத் தாக்குகிறது, பாதம் மரத்துப்போகிறது, கண் மங்குகிறது. நடை குறைகிறது. நடை குறைந்தால் தசை இன்னும் குறைகிறது. இது சுற்றிச் சுற்றி வரும் வட்டம்.

ஆகவே சர்க்கரை எகிறிக் கிடந்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவே இல்லை. சர்க்கரையைக் குறைப்பதற்காகச் சாப்பாட்டை வெட்டி, மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் தசையும் சேர்ந்து போகும் என்று சொல்கிறேன். எனக்கு அதுதான் நடந்தது.

இன்னொன்று, மிகக் கீழே கொண்டுபோனால் மிகவும் நல்லது என்பது எல்லோருக்கும் பொருந்தாது. 2008-ல் 'அக்கார்டு' என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரம் பேருக்கு மேல், சராசரி வயது 62. ஏற்கெனவே இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள சர்க்கரை நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு எச்பிஏ1சி 6-க்குக் கீழே வர வேண்டும் என்று தீவிர மருத்துவம் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில்தான் இறப்பு கூடுதலாக இருந்தது. அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதன் பிறகு உலகம் முழுவதும் டாக்டர்கள் யோசிக்கும் விதம் மாறியது.

இன்று அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல், முதியவர்களை உடல்நிலையைப் பார்த்துப் பிரிக்கிறது. வேறு பெரிய நோய் இல்லாமல், ஞாபகசக்தியும் நடமாட்டமும் நன்றாக இருப்பவர்களுக்கு 7 முதல் 7.5-க்குள். பல நோய்கள் இருந்து, அன்றாட வேலைகளுக்குக் கொஞ்சம் துணை தேவைப்படுபவர்களுக்கு 8-க்குள். மிகவும் தளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணைத் துரத்தாமல், சர்க்கரை திடீரென இறங்காமலும் மிக ஏறித் தொந்தரவு தராமலும் பார்த்துக்கொண்டால் போதும். பேரன் வயதுக்காரருக்கு ஒரு இலக்கு, எண்பது வயதுப் பாட்டிக்கு ஒரு இலக்கு. உங்களுக்கு எது என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். எனக்கு அவர் ஒரு மாத்திரையை மாற்றி, 7-க்கும் 7.5-க்கும் நடுவில் இருந்தால் போதும் என்றார். அன்று எனக்கு இன்க்ரிமென்ட்டை வெட்டிய மாதிரி இருந்தது.

எந்த மாத்திரை சர்க்கரையைத் தடாலென்று இறக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற வகை மாத்திரைகளும் சாப்பாடு தவறினால் ஆளைச் சாய்த்துவிடும். அதிலும் கிளிபென்கிளமைடு முதியவர்களுக்கு உகந்ததல்ல என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி குடியுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

நம் ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சில கணக்குகள். சர்க்கரை நோய்க்கென்று நாட்டிலேயே முதல் தனிப் பிரிவை 1948-ல் சென்னை ஸ்டான்லியில் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கினார். எழுபத்தைந்து ஆண்டு கழித்து, 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவு வந்தது. ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் பேரைப் பார்த்துச் சொன்ன கணக்கு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. நூற்றுக்கு 11.4 பேர். தமிழ்நாட்டில் அதைவிட அதிகம். அதே ஆய்வின் முந்தைய கட்டத்தில் தமிழ்நாடு உள்பட நான்கு இடங்களில் உடலுழைப்பைக் கேட்டு எழுதினார்கள். 2014-ல் வந்த அந்த அறிக்கையில், பாதிக்கு மேற்பட்டவர்கள், 54.4 சதவீதம் பேர், போதிய உடலசைவு இல்லாதவர்கள்.

நல்ல செய்தியும் சென்னையிலிருந்தே உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் எல்லையில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்து 2006-ல் வெளியிட்டார்கள். நடையும் உணவு ஒழுங்கும் கடைப்பிடித்தவர்களிடம் சர்க்கரை நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலன் 26.4 சதவீதம். ஆக, நடை மாத்திரைக்குச் சமமாக நின்றது.

சரி, வயதான பிறகு உடற்பயிற்சி தொடங்கிப் பயன் உண்டா? அமெரிக்காவில் 70 முதல் 89 வயதுள்ள 1,635 பேரை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் சர்க்கரை உள்ளவர்கள் அல்ல, ஆனால் எல்லோரும் உட்கார்ந்தே இருந்து கால் தளர ஆரம்பித்தவர்கள். பாதிப் பேருக்கு நடை, கால் பலப் பயிற்சி, நிலை தடுமாறாமல் நிற்கும் பயிற்சி. மீதிப் பேருக்கு ஆரோக்கிய வகுப்புகள். இரண்டரை வருடத்துக்குப் பிறகு, 400 மீட்டர் நடக்க முடியாத நிலைக்குப் போனவர்கள் வகுப்பு மட்டும் கேட்டவர்களில் 35.5 சதவீதம், பயிற்சி செய்தவர்களில் 30.1 சதவீதம். 400 மீட்டர் என்றால் நம் ஜங்ஷனில் நிற்கும் ரயிலில் 17, 18 பெட்டி நீளம். மகள் வீட்டுக்குப் போக டிக்கெட் எடுத்து, நமது பெட்டி கடைசியில் நின்றால் நடந்து ஏற முடியுமா முடியாதா என்பதுதான் கேள்வி.

இப்போது வீட்டிலேயே பார்த்துக்கொள்ள மூன்று சோதனைகள். பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள்.

முதலாவது நாற்காலி. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். ஆசிய நாட்டு நிபுணர்கள் 2019-ல் வகுத்த அளவுப்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். இரண்டாவது நடை. தரையில் 13 அடி அளந்து, வழக்கமான வேகத்தில் நடங்கள். நான்கு வினாடிக்குள் கடக்க வேண்டும். அதைத் தாண்டினால் நடை தளர்ந்திருக்கிறது. மூன்றாவது நிற்றல். ஒரு பாதத்தின் குதிகால், மற்றப் பாதத்தின் விரல் நுனியைத் தொடும்படி முன்பின்னாக வைத்துப் பத்து வினாடி நில்லுங்கள். இந்த மூன்று எண்ணையும் தேதி போட்டு எழுதி, அடுத்த தடவை ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

பயிற்சிக்கு ஜிம் வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன். காலை, மாலை பத்துத் தடவை நாற்காலியில் எழுந்து உட்காருவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி படியேறுவது. ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. 65-க்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் நிலை தடுமாறாமல் இருக்கும் பயிற்சி. நம்மில் பலர் நடைப்பயிற்சி மட்டும் செய்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம்.

நடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நியூசிலாந்தில் சர்க்கரை உள்ள 41 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரே மூச்சில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம் குறைவு. ராத்திரி சாப்பிட்டதும் சீரியலுக்கு உட்காருவதற்கு முன்னால் பார்க்கிங்கை நாலு சுற்று சுற்றினால் போதும்.

சில எச்சரிக்கை. நெஞ்சு வலி, கண்ணில் ரத்தக் கசிவு, காலில் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்க வேண்டாம். பாதம் மரத்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். தினம் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

சாப்பாட்டில், தசைக்குப் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு உடல் எடை கிலோவுக்கு ஒரு கிராமாவது என்பது பொதுவான ஆலோசனை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்படி. பக்கத்து நாமக்கல்லிலிருந்து ஊருக்கெல்லாம் முட்டை போகிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். சாப்பிடாதவர்களுக்குக் கொள்ளு, பாசிப்பயறு, சுண்டல், தயிர், பால் இருக்கின்றன. நம் சேலத்து ஜவ்வரிசி நமக்குப் பெருமைதான், ஆனால் அது முழுக்க மாவுச்சத்து. விரதம் என்று ஜவ்வரிசிக் கஞ்சி குடித்தால் சர்க்கரை ஏறும், தசைக்கு ஒன்றும் சேராது. மாம்பழ சீசனில் இரண்டு கீற்று சாப்பிடுங்கள், சாப்பாட்டோடு சேர்த்துப் பழத்தையே விழுங்க வேண்டாம். தட்டுவடை செட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நானே நிறுத்தவில்லை.

இதுவரை நான் திருந்திய கதையைச் சொன்னேன். திருந்தாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு மாதம் தினமும் என் வினாடிகளை எண்ணி நோட்டில் எழுதினேன். என் மனைவிக்கும் ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஒரு சாயங்காலம்தான் விளையாட்டாக, "நீயும் உக்காந்து எந்திரி பாக்கலாம்" என்றேன். மேஜையில் கையை ஊன்றியும் 19 வினாடி. நான் பயந்துபோய் என்னாச்சு என்று கேட்டேன். "ஒரு வருசமா செவுத்தப் புடிச்சுத்தானுங்க எந்திரிக்கிறேன். நீங்க நோட்டப் பாத்துட்டு இருந்தீங்க" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காலையில் நம் காம்பவுண்டைச் சுற்றி நடப்பவர்களை எண்ணிப் பாருங்கள். பதினைந்து பேர் நடந்தால் பதின்மூன்று பேர் ஆண்கள். அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். நின்றுகொண்டே சமைப்பது தொடைக்குப் பலம் தராது. இப்போது காலை காபியை நான் போடுகிறேன், அவர்கள் கீழே நடக்கப் போகிறார்கள். போன வாரம் கையை ஊன்றாமல் 14 வினாடி. என்னுடையது 11. எச்பிஏ1சி 7.2. எடை 62. மருந்து, சாப்பாடு, பயிற்சி மூன்றும் சேர்ந்துதான் இது. நோட்டை இன்னும் விடவில்லை, பத்தி மட்டும் இரண்டு கூடியிருக்கிறது.

கடைசியாகச் சங்கத்துக்கு என் வேண்டுகோள்கள். படிக்கட்டில் ஒரு பக்கம்தான் கைப்பிடி இருக்கிறது, சுவர்ப் பக்கமும் போட வேண்டும். காம்பவுண்டைச் சுற்றி உட்கார மூன்று பெஞ்ச், இரவில் நல்ல வெளிச்சம். வாட்ச்மேன் அறையில் ஒரு டப்பா சர்க்கரையும், தனியாக இருக்கும் பெரியவர்களின் பிள்ளைகள் தொலைபேசி எண்களும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்ஆப்புக்குத் தகவல் போவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்ட வேண்டும். அதற்கு ஒரு பட்டியல் போடுவோம். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு. நம் வீட்டு வேலைக்கு வரும் அக்காமார், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், யாருக்குத் தேவையோ அவர்களிடம் சொல்லுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இந்தக் கூடத்தில் நான் ஒரு நாற்காலியோடும் கைக்கடிகாரத்தோடும் இருப்பேன். வந்து ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள், வினாடியை நான் எழுதித் தருகிறேன். வரும்போது வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் அவர்கள் உட்காரட்டும்.